புது வண்டி டெலிவரி: கையெழுத்துப் போடுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

#1 முதல்கியர் | செவ்வாய் இரவு

வணக்கம். இதுவரை இரண்டு கார் வைத்திருந்தேன். இரண்டுமே வேறு ஒருவர் ஓட்டிய பழைய வண்டி. அப்போதெல்லாம் மெக்கானிக் நண்பரைக் கூட்டிக்கொண்டு போய், அடியில் படுத்துப் பார்த்து, போனட்டைத் திறந்து காது வைத்துக் கேட்டு, விற்பவர் முகம் சுளிக்கும் வரை கேள்வி கேட்ட பிறகுதான் பணத்தைக் கொடுத்தேன். இப்போது முதல் முறையாகப் புது வண்டி. சனிக்கிழமை டெலிவரி. வேடிக்கை என்னவென்றால், பத்து வருடம் ஓடிய வண்டியில் எதைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. பத்து கிலோமீட்டர் ஓடிய வண்டியில் எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை.

மாலை 6.30க்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். “எல்லாம் ரெடியா இருக்கும் சார், ரெண்டு கையெழுத்து, சாவி வாங்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்” என்கிறார் சேல்ஸ்மேன். அந்த ரெண்டு கையெழுத்துதான் உறுத்துகிறது. பெட்ரோல், ஆட்டோமேட்டிக், அடர்நீலம். எனக்கு ஒதுக்கிய வண்டியை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. ஷோரூமில் நின்றது வேறு நிறம்.

புது வண்டி எடுத்தவர்கள் சொல்லுங்கள். எதைப் பார்த்தீர்கள், எதைப் பார்க்காமல் விட்டு அப்புறம் வருத்தப்பட்டீர்கள்?

#2 அவசரக்காரி | செவ்வாய் இரவு

நாலு சக்கரமும் ஒரு ஸ்டியரிங்கும் இருக்கிறதா என்று பாருங்கள். புது வண்டிதானே அது! சந்தோஷமாகப் போய் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

#3 பழையசாவி | செவ்வாய் இரவு

தம்பி, பதினொரு வருடம் ஷோரூமின் பின்பக்கம் வேலை பார்த்தவன் நான். முன்பக்கம் கண்ணாடி, ஏசி, பூங்கொத்து. பின்பக்கம் நாங்கள். பி.டி.ஐ. என்று சொல்வார்கள், வாடிக்கையாளர் கையில் வண்டியைக் கொடுப்பதற்கு முன் செய்யும் சோதனை. அதைச் செய்த கை இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

புது வண்டி தொழிற்சாலையில் இருந்து நேராக உங்கள் வீட்டுக்கு வருவதில்லை. தொழிற்சாலை வாசலில் சில நாள் நிற்கும். டிரெய்லரிலோ ரயிலிலோ கப்பலிலோ ஏறும், இறங்கும். பிறகு ஸ்டாக் யார்டில் வெயிலிலும் மழையிலும் நிற்கும். அது சில நாளாகவும் இருக்கலாம், பல மாதமாகவும் இருக்கலாம். ஒவ்வொரு ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஸ்டியரிங்கைப் பிடிக்கும் ஆள் வேறு. அவர்களில் ஒருவருக்கும் அது சொந்த வண்டி இல்லை.

வழியில் வண்டி கெட்டுவிடக் கூடாது என்று சில ஏற்பாடு செய்துதான் அனுப்புவார்கள். டயரில் காற்றை வழக்கத்தைவிட அதிகமாக அடைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் ஒரே இடத்தில் நாள்கணக்கில் நிற்கும்போது டயர் தரையில் படும் இடம் தட்டையாகிவிடும். பேட்டரி இறங்காமல் இருக்க ஒரு ஃபியூஸைக் கழற்றி வைப்பார்கள், அல்லது கம்ப்யூட்டரிலேயே ‘டிரான்ஸ்போர்ட் மோட்’ போட்டிருப்பார்கள். சில வண்டிகளில் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்குக்கு நடுவே கட்டை செருகி வரும். இதையெல்லாம் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பி.டி.ஐ. வேலை.

செய்வார்களா என்றால், செய்வார்கள். மாதக் கடைசியில் ஒரே நாளில் பதினைந்து டெலிவரி இருக்கும்போது செய்வார்களா என்பதுதான் கேள்வி. அந்தச் சோதனைப் படிவத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒழுங்காகப் பார்த்த படிவத்தில் டிக்குகள் ஒன்றுபோல இருக்காது. ஒன்று சாய்ந்திருக்கும், ஒன்றில் கிரீஸ் விரல் பட்டிருக்கும், டயர் காற்று, பேட்டரி வோல்டேஜ் என்று எண் எழுத வேண்டிய கட்டத்தில் எண் இருக்கும். மேலிருந்து கீழ் வரை ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே வேகத்தில் இறங்கிய டிக் வரிசையைப் பார்த்தால் அது நாற்காலியில் உட்கார்ந்து போட்டது. நானும் போட்டிருக்கிறேன், மறைக்கவில்லை.

காற்று அப்படியே விட்டுப்போன வண்டி பந்து மாதிரி துள்ளும். “என்னங்க, சஸ்பென்ஷன் இவ்வளவு கடினமா இருக்கு, டெஸ்ட் டிரைவ் வண்டி இப்படி இல்லையே” என்று ஒரு வாரம் கழித்து வந்து நிற்பார்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், எவ்வளவு காற்று என்று. வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது அளந்தால் அந்த எண் வர வேண்டும்.

அடுத்தது பேட்டரி. இதை யாரும் கேட்பதே இல்லை. யார்டில் மாதக்கணக்கில் நின்ற வண்டியின் பேட்டரி ஒருமுறையாவது முழுசாக இறங்கியிருக்க வாய்ப்பு உண்டு. ஒயர் போட்டு எழுப்பி, ஓட்டி வந்து நிறுத்திவிடுவார்கள். சாவி திருப்பினால் பிடித்துக்கொள்ளும். ஆனால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து ஆயுள் குறைந்திருக்கும். சாதாரண 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி முழு சார்ஜில், வண்டி அணைத்துச் சில மணி நேரம் ஆனபின், 12.6 அளவில் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12க்குக் கீழே என்றால் அந்தப் பேட்டரியோடு நீங்கள் வண்டியை எடுக்கக் கூடாது. சோதித்த சீட்டைக் கேளுங்கள், மெஷின் எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. மாலை 6.30 வேண்டாம். பகலுக்கு மாற்றுங்கள். முடிந்தால் பதிவு நடப்பதற்கு முன்பே யார்டில் போய் வண்டியைப் பாருங்கள். உங்கள் பெயரில் பதிவாகும் வரை அது அவர்கள் சரக்கு, குறை இருந்தால் வேறு வண்டி மாற்றிக் கொடுக்க மனசு வரும். பதிவு ஆகிவிட்டால் பேச்சே வேறு.

#4 முதல்கியர் | செவ்வாய் இரவு

அண்ணா, மிக்க நன்றி. அந்த டிக் விஷயம் சிரிப்பாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. பதிவுக்குத் தாளெல்லாம் போய்விட்டது என்று நினைக்கிறேன், நாளை கேட்கிறேன். மாலை ஏன் வேண்டாம்? ஷோரூமில் பகல் மாதிரி விளக்குப் போட்டிருக்கிறார்களே.

#5 மைக்ரான் | புதன் காலை

அந்த விளக்குதான் பிரச்சினை. வண்டி அழகாகத் தெரிவதற்கென்றே போட்ட விளக்கு அது. பெயின்ட் வேலையில் இருப்பவன், அதனால் பெயின்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில், அடர்நீலத்துக்கு வாழ்த்து, கூடவே அனுதாபம். கறுப்புக்கு அடுத்தபடியாக எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும் நிறம். வெயிலில் நிறுத்தி, ஒரு சூரியப் புள்ளி போனட்டில் விழுவதைப் பாருங்கள். அதைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய வட்டக் கோடுகள் தெரிந்தால், யாரோ அழுக்குத் துணியால் துடைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் அது யார்டிலோ கப்பலிலோ வந்தது இல்லை. டெலிவரி அன்று காலை “பளபளப்பா கொடுக்கணும்” என்று ஷோரூமிலேயே போட்டது. முப்பது வண்டி கழுவிய அதே வாளி, அதே துணி. என் வண்டிக்கு நான் சொன்னது: கழுவ வேண்டாம், துடைக்க வேண்டாம், தூசியோடு கொடுங்கள். இரண்டு முறை போன் பண்ணிச் சொல்ல வேண்டியிருந்தது. அவர்களால் நம்ப முடியவில்லை. ஆனால் தூசி இருந்தால் கீறல் மறையும் என்பதும் உண்மை. அப்படியானால் நீங்கள் நிற்கும்போதே தண்ணீர் மட்டும் ஊற்றி, காயவிட்டுப் பாருங்கள். ஈர வண்டியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். தண்ணீர் கீறலை நிரப்பிவிடும், காய்ந்த பிறகுதான் அது தலைகாட்டும்.

நெளிவு பார்க்க நேராகப் பார்க்கக் கூடாது. வண்டியின் மூலையில் குந்தி உட்கார்ந்து, பக்கவாட்டில் கண்ணை ஓட்டுங்கள். எதிரே இருக்கும் கட்டட விளிம்போ டியூப்லைட்டோ கதவில் நேர்கோடாகப் பிரதிபலிக்கும். தலையை மெதுவாக நகர்த்துங்கள். கோடு ஓர் இடத்தில் இடுப்பு ஒடிந்த மாதிரி வளைந்தால் அங்கே கை வையுங்கள்.

அடி வாங்கிச் சரிசெய்த வண்டியைப் புதிது என்று கொடுப்பது அடிக்கடி நடப்பதில்லை; ஆனால் ஏற்றி இறக்கும்போது பட்ட சின்ன அடியை டச்-அப் செய்து அனுப்புவது நடக்கும். கதவு, போனட் கீல்களின் போல்ட்டுகளைப் பாருங்கள். தொழிற்சாலையில் உடம்போடு சேர்த்து பெயின்ட் அடித்த போல்ட் என்றால் தலை முழுக்க ஒரே பூச்சாக இருக்கும், ஓரம் பெயர்ந்திருந்தால் யாரோ ஸ்பேனர் போட்டிருக்கிறார்கள். ஜன்னல் ரப்பர் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள், ஸ்ப்ரே பட்டிருந்தால் சொரசொரப்பாக இருக்கும். பெயின்ட் தடிமனை அளக்கும் மீட்டர் கடன் கிடைத்தால் இன்னும் நல்லது. தொழிற்சாலை பெயின்ட் பெரும்பாலும் 80இல் இருந்து 150 மைக்ரான் வரை இருக்கும். ஓர் எண்ணைப் பார்த்ததும் சண்டைக்குப் போகாதீர்கள், தொழிற்சாலையிலேயே சில இடம் திரும்ப அடிப்பார்கள். இடது கதவு 110, வலது கதவு 260 என்றால்தான் கேள்வி. பம்பர் பிளாஸ்டிக், சாதாரண மீட்டர் அதில் வேலை செய்யாது.

அதிகம் அடிபடும் இடங்கள்: பம்பரின் நான்கு மூலை, கதவு விளிம்பு, அலாய் வீல் ஓரம், கதவுக்குக் கீழே ஓடும் பட்டை. கூரையை யாரும் பார்ப்பதில்லை. ஒரு ஸ்டூல் கேளுங்கள்.

#6 அவசரக்காரி | புதன் காலை

மைக்ரான் சார், ஆபரேஷன் தியேட்டரில்கூட இவ்வளவு வெளிச்சம் கேட்க மாட்டார்கள்.

என் தம்பி கதை சொல்கிறேன். இதே மாதிரி இரண்டு மணி நேரம் டார்ச் அடித்து, ஸ்டூல் போட்டு, வண்டியைச் சல்லடையாகச் சலித்தான். ஒரு கீறல் இல்லை. கையெழுத்துப் போட்டு, சாவி வாங்கி, ஏறி உட்கார்ந்து, ரிவர்ஸ் எடுத்து, ஷோரூம் வாசல் தூணில் சாத்தினான். இருபது மீட்டர்கூட ஓடவில்லை. ஏன் தெரியுமா? சீட்டை நகர்த்தவில்லை, கண்ணாடியைத் திருப்பவில்லை, அந்த வண்டியின் கியர் லீவர் அவன் பழைய வண்டி மாதிரி இல்லை. பிரேக்கை விட்டதும் ஆட்டோமேட்டிக் தானாக நகரும் என்பதும் அவனுக்குப் பழக்கமில்லை.

பெயின்டுக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியைச் சீட்டில் உட்கார்ந்து கழியுங்கள். எலெக்ட்ரிக் ஹேண்ட் பிரேக்கை எப்படி விடுவது, வண்டி நின்றதும் தானாக பிரேக்கைப் பிடித்துவைக்கும் ஆட்டோ ஹோல்ட் எப்போது பிடிக்கும், வைப்பர், ஹெட்லைட், அபாய விளக்கு, கண்ணாடிப் பனி போக்கும் பட்டன். பேட்டரி செத்துப்போனால் கதவை எப்படித் திறப்பது, கியரை எப்படி நியூட்ரலுக்குக் கொண்டுவருவது. பெட்ரோல் மூடியை எதைத் தொட்டால் திறக்கும். இதெல்லாம் சேல்ஸ்மேன் பத்து நிமிடத்தில் கடகடவென்று சொல்லிவிட்டுப் போவார், ஒன்றும் மண்டையில் ஏறாது. அவரை நிறுத்தி, நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள்.

#7 கணக்குப்புலி | புதன் மதியம்

எல்லோரும் இரும்பையே பார்க்கிறீர்கள். நான் தாளைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நான் மாட்டியது தாளில்.

சேசிஸ் எண், அதாவது வண்டியின் அடையாள எண், 17 எழுத்து. பெரும்பாலான நாடுகளில் அதே நீளம்தான். ஐ, ஓ, க்யூ மூன்றும் அதில் வரவே வராது, 1, 0 இரண்டோடும் குழம்பிவிடும் என்பதால் விலக்கிவிட்டார்கள். ஆனால் 8ஐயும் பி-யையும் விலக்கவில்லை, 5ஐயும் எஸ்ஸையும் விலக்கவில்லை. என் இன்சூரன்ஸ் தாளில் பி இருக்க வேண்டிய இடத்தில் 8 இருந்தது. ஏழு மாதம் அது டேஷ்போர்டு பெட்டிக்குள் சமர்த்தாகத் தூங்கியது. பின்னால் ஒருவர் வந்து இடித்தபோதுதான் விழித்துக்கொண்டது. “இந்த எண்ணில் எங்களிடம் வண்டியே இல்லையே” என்றார்கள். ஷோரூம் இன்சூரன்ஸ்காரரைக் கைகாட்ட, அவர்கள் ஷோரூமைக் கைகாட்ட, மூன்று வாரம் நான் நடுவில் ஓடினேன். வண்டி உடைந்த டிக்கியோடு நின்றது.

அதனால் செய்ய வேண்டியது: எண்ணை வண்டியில் இருந்தே படியுங்கள். முன் கண்ணாடியின் கீழ் ஓரம், கதவுத் தூண் ஸ்டிக்கர், உடம்பிலேயே பொறித்த இடம், இப்படி இரண்டு மூன்று இடத்தில் இருக்கும். போனில் படம் எடுங்கள். பிறகு ஒருவர் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் பில், இன்சூரன்ஸ், பதிவுத் தாள் மூன்றிலும் விரல் வைத்துச் சரிபாருங்கள். இருவர் வேண்டும். தனியாகச் செய்தால் கண் தனக்குத் தெரிந்ததையே பார்க்கும்.

தயாரித்த மாதத்தையும் கேளுங்கள். பல நிறுவனங்கள் அந்த 17இல் பத்தாவது எழுத்தில் மாடல் ஆண்டை வைக்கின்றன, ஆனால் மாடல் ஆண்டும் தயாரித்த தேதியும் ஒன்றில்லை. டயர் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். வண்டியைவிட டயர் சில வாரம் மூத்ததாக இருப்பது சகஜம். நாலில் ஒன்று மட்டும் வண்டியைவிட இளையதாக இருந்தால், அது ஏன் மாற்றப்பட்டது என்று கேட்க வேண்டும்.

இன்சூரன்ஸ் எந்தத் தேதி மட்டுமில்லை, எத்தனை மணியில் இருந்து என்றும் பாருங்கள். நள்ளிரவில் இருந்து தொடங்கும் பாலிசியோடு அன்று மாலையே ரோட்டில் இறங்கக் கூடாது.

அப்புறம் அந்த ரெண்டு கையெழுத்து. அதில் ஒன்று, “வண்டியைப் பரிசோதித்து, குறை எதுவும் இன்றிப் பெற்றுக்கொண்டேன்” என்கிற ஒப்புகை. நீங்கள் பார்க்கும் முன்பே அதை நீட்டுவார்கள், மரியாதையாக, பேனாவின் மூடியைக் கழற்றி. பார்த்த பிறகு போடுங்கள். ஏதாவது கண்ணில் பட்டிருந்தால் கையெழுத்துக்கு மேலே உங்கள் கையால் ஒரு வரி எழுதி, அவர்களையும் கையெழுத்திடச் சொல்லி, படம் எடுத்துக்கொள்ளுங்கள். “அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்” என்பது தாளில் ஏறாது.

#8 சத்தமில்லாதவர் | புதன் மாலை

மின்சார வண்டி எடுக்கிறவர்கள் யாராவது இதைப் படிப்பார்கள் என்று சேர்க்கிறேன். சார்ஜ் கேபிள் டிக்கியில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், அங்கேயே ஒரு முறை செருகி, சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள். என்னுடையது செருகியது, பூட்டிக்கொண்டது, பிறகு விடவே இல்லை. மெக்கானிக் வந்து அவசர நாடாவை இழுத்துத்தான் எடுத்தார். நல்ல வேளை, அது வீட்டில் நடக்கவில்லை. 100 சதவீதம் ஏற்றிக் கொடுத்தால் முதல் கொஞ்ச தூரம் ஆக்சிலரேட்டரை விட்டதும் வழக்கமாக வரும் அந்த இழுவை குறைவாக இருக்கும், ஏனென்றால் வேகம் குறையும்போது மோட்டாரில் இருந்து திரும்ப வரும் மின்சாரத்தை வாங்கப் பேட்டரியில் இடம் இல்லை. பயப்பட வேண்டாம், ஆனால் காலை பிரேக் பக்கமே வைத்திருங்கள்.

பெட்ரோல் வண்டிக்கும் பொருந்துவது ஒன்று. செயலியோடு இணையும் வண்டி என்றால், முதன்மை உரிமையாளர் கணக்கு உங்கள் பெயருக்கு மாறியதைக் கண்ணால் பாருங்கள். என் வண்டி ஒன்பது நாள் ஷோரூம் கணக்கிலேயே இருந்தது. வண்டி எங்கே நிற்கிறது என்று யாரோ ஒருவருடைய போனில் தெரிந்துகொண்டே இருந்தது.

#9 முதல்கியர் | வியாழன் இரவு

போன் பண்ணினேன். பதிவு முடிந்துவிட்டதாம். யார்டுக்கு வரலாமா என்றதும் ஒரு சின்ன மௌனம். “அங்க வாடிக்கையாளரை விடறதில்லை சார்.” சரி, டெலிவரியைப் பகலுக்கு மாற்றுங்கள் என்றேன். சனி காலை 10 மணி கிடைத்தது. கழுவ வேண்டாம் என்றதும் அவர் சிரித்துவிட்டார். டயர் காற்று, பேட்டரி சீட்டு இரண்டையும் சொன்னதும் சிரிப்பு நின்றது.

மட் ஃபிளாப், பின் கேமரா, சீட் கவர் எல்லாம் அவர்களே போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். முன்பே போடச் சொல்லவா, பிறகு போட்டுக்கொள்ளவா?

#10 பழையசாவி | வியாழன் இரவு

எது போட்டாலும் நீங்கள் வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே போட்டு முடிக்கச் சொல்லுங்கள். பார்த்து ஓகே சொன்ன பிறகு உள்ளே எடுத்துப்போய், கேமராவுக்குத் துளை போட்டு, டிக்கி ஓரத்தில் ஸ்க்ரூடிரைவர் பட்டால், யாரிடம் கேட்பீர்கள்? ஒயரை வெட்டி ஒட்டாமல் கப்ளரில் செருகும் வகைதானா என்று கேளுங்கள். வெட்டி ஒட்டினால், நாளைக்கு மின்சாரக் கோளாறு வரும்போது வாரண்டியில் இழுத்தடிக்க அதையே காரணம் காட்டுவார்கள்.

சீட் கவர் விஷயத்தில் நில்லுங்கள். முன் சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால் அங்கே சின்னத் துணி லேபிள் தைத்திருக்கும். அந்தத் தையலை மூடும் கவர் போடக் கூடாது, பை வெளியே வர வழி வேண்டும். தொழிற்சாலையில் இருந்து வரும் பாலிதீன் உறையையும் அன்றே கிழித்துப் போடுங்கள். வருடக்கணக்கில் அதோடு ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். உட்காரும்போதெல்லாம் கரகரவென்று சத்தம் வரும், ஆனாலும் மனசு வராது.

அலாய் வீலில் திருட்டுத் தடுப்பு நட் இருந்தால் அதற்கென்று தனிச் சாவி ஒன்று உண்டு, கட்டை விரல் அளவுதான். அது எங்கே இருக்கிறது என்று கேட்டுக் கையில் வாங்கிப் பாருங்கள். ஸ்டெப்னிக்குப் பதிலாக பங்சர் திரவம் கொடுத்திருந்தால் அந்த டப்பாவில் காலாவதி தேதி இருக்கும்.

#11 வேகத்தடை | வெள்ளி காலை

ரன்னிங்-இன், அதாவது புது இன்ஜினை முதலில் விரட்டாமல் ஓட்டிப் பழக்குவது பற்றி யாரும் பேசவில்லையே? இப்போது வரும் இன்ஜினுக்கு அதெல்லாம் தேவையில்லை, முதல் நாளே விரட்டலாம் என்று ஒரு மெக்கானிக் சொன்னார்.

#12 பழையசாவி | வெள்ளி காலை

அவருக்கு இன்ஜின் வேலை நிறைய வரட்டும் என்று ஆசையாக இருக்கலாம். உங்கள் வண்டியோடு வரும் கையேட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள், அதுதான் சட்டம். பல கையேடுகள் முதல் 1,000, 1,500 கிலோமீட்டர் வரை முழு ஆக்சிலரேட்டர் கொடுக்காதே, ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் போகாதே என்கின்றன. பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு பழகுவதற்கு ஏற்ற இறக்கம் வேண்டும். அதற்காக மேட்டில் பெரிய கியரில் உருட்டி முனக விடுவதும் தவறு.

இன்ஜினை விடுங்கள். புது டயரின் மேல் ஒரு வழவழப்பு இருக்கும், அச்சில் இருந்து வந்தது. பிரேக் பேடும் டிஸ்க்கும் இன்னும் ஒன்றுக்கொன்று பழகியிருக்காது. முதல் சில நூறு கிலோமீட்டர் முன்னே போகும் வண்டியோடு இடைவெளி அதிகம் விடுங்கள். டிஸ்க்கில் ஆரஞ்சு நிறத்தில் துரு தெரிந்தால் பதற வேண்டாம். நின்ற வண்டிக்கு ஒரு மழையே போதும், நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும்.

#13 முதல்கியர் | ஞாயிறு இரவு

எடுத்துவிட்டேன்! நடந்ததைச் சொல்கிறேன்.

காலை 9.50க்கே போய்விட்டோம். அக்காவைக் கூட்டிப்போனேன், சத்தமாகப் படிக்க ஆள் வேண்டுமே. வண்டி உள்ளே, விளக்குக்கு அடியில், பெரிய சாட்டின் துணி போர்த்தி நின்றது. துணியை இழுக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். பக்கத்திலேயே மேஜையில் ஒப்புகைத் தாள், மூடி கழற்றிய பேனாவோடு. கணக்குப்புலி, உங்கள் வாய்க்கு என்ன பரிசு கொடுப்பது? “வெளியே வெயிலில் கொண்டுவாருங்கள், பார்த்துவிட்டுப் போடுகிறேன்” என்றேன். சொல்லும்போது குரல் லேசாக நடுங்கியது என்று அக்கா சொல்கிறாள். சேல்ஸ்மேன் மேனேஜரைப் பார்த்தார், மேனேஜர் தலையாட்டினார்.

மீட்டர் 23 கிலோமீட்டர். டயர் ஸ்டிக்கரில் 33 என்று இருந்தது, முன் டயர் இரண்டும் 33. சரி, ஒழுங்காகப் பார்த்திருக்கிறார்கள் என்று எழப் போனேன். பின் டயரையும் அளந்தேன், இரண்டும் 46! யாரோ பாதி வேலையில் டீக்குப் போயிருக்கிறார்கள். படிவத்தில் நாலு கட்டத்திலும் டிக் மட்டும், எண் இல்லை. பழையசாவி அண்ணாவை நினைத்துக்கொண்டேன். பேட்டரி 12.5, சீட்டோடு கொடுத்தார்கள். 17 எழுத்தையும் அக்கா பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுவது போலப் படித்தாள், மூன்று தாளிலும் சரியாக இருந்தது.

இரண்டாவது சாவி வேலை செய்யவில்லை. பட்டனை எத்தனை முறை அமுக்கியும் வண்டி கண்டுகொள்ளவே இல்லை. எழுதிக்கொள்ளுங்கள் என்று விறைப்பாகச் சொன்னேன். மெக்கானிக் பையன் வந்து சாவியைத் திறந்து, பேட்டரிக்கு நடுவே இருந்த பிளாஸ்டிக் தாளை உருவிவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டான்.

அப்புறம் பின் பம்பர். இடது மூலையில், கீழே, நகக்கண் அளவுக்கு பெயின்ட் போய் உள்ளே கறுப்பு பிளாஸ்டிக் தெரிந்தது. குந்தி உட்காராமல் இருந்திருந்தால் பார்த்திருக்கவே மாட்டேன். மேனேஜர் மறுக்கவில்லை. பம்பர் முழுக்க புதிதாக அடித்துத் தருகிறோம், நாலு நாள் வண்டியை விடுங்கள் என்கிறார். ஒப்புகையில் எழுதி, அவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வண்டியை எடுத்து வந்துவிட்டேன். மைக்ரான், கொடுக்கலாமா?

#14 மைக்ரான் | ஞாயிறு இரவு

நகக்கண் அளவுக்கு முழு பம்பர் வேண்டாம். தொழிற்சாலையில் வெறும் உடம்பை 140 டிகிரி அடுப்பில் சுட்டு எடுப்பார்கள். பம்பர் தனியாகக் குறைந்த சூட்டில் அடித்து வருவது, ஆனாலும் கட்டுப்பாட்டோடு செய்தது. அந்த மெட்டாலிக் நீலத்தை ஒர்க்‌ஷாப்பில் பக்கத்து பேனலோடு பொருந்தும்படி அடிப்பது கைராசிக்காரர் வேலை, எல்லோருக்கும் வராது. நிறக் குறியீட்டைப் பார்த்து டச்-அப் பேனா வாங்கித் தரச் சொல்லுங்கள். அதை நீங்களே பல்குத்தும் குச்சி முனையில் தொட்டு, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை வைக்கலாம். எழுதி வாங்கிய தாளை மட்டும் பத்திரமாக வையுங்கள். ஓரம் உரிய ஆரம்பித்தால் அப்போது முழுசாக அடித்துக் கேட்கலாம்.

#15 அவசரக்காரி | ஞாயிறு இரவு

எல்லாம் சரி. தூணில் இடிக்காமல் வந்தீர்களா?

#16 முதல்கியர் | ஞாயிறு இரவு

இடிக்கவில்லை! சீட், கண்ணாடி, ஹேண்ட் பிரேக் எல்லாம் நானே செய்து பார்த்துவிட்டுத்தான் நகர்த்தினேன். ஆனால் வாசலைத் தாண்டியதும் பெட்ரோல் விளக்கு எரிந்தது. பம்பில் போய் நிறுத்தினால் மூடி மறுபக்கம். சுற்றிக்கொண்டு வந்து திரும்ப நிறுத்தி, திறக்கும் லீவரைத் தேடுகிறேன் தேடுகிறேன், இல்லை. பின்னால் மூன்று வண்டி ஹாரன். கடைசியில் பம்பில் வேலை செய்யும் பையன் வந்து, மூடியை வெளியில் இருந்தே விரலால் ஒரு அழுத்து அழுத்தினான், திறந்துகொண்டது. நீங்கள் எழுதியிருந்தீர்கள், எதைத் தொட்டால் திறக்கும் என்று கேளுங்கள் என்று. பெயின்டைப் பார்த்த மும்முரத்தில் அதை மட்டும் விட்டுவிட்டேன்.

#17 அவசரக்காரி | ஞாயிறு இரவு

மூடி எந்தப் பக்கம் என்பது மீட்டரிலேயே இருக்கிறதே. பெட்ரோல் பம்ப் படத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு அம்புக்குறி, மூடி இருக்கும் பக்கம் காட்டும். இப்போது வரும் வண்டிகளில் பெரும்பாலும் உண்டு.

#18 முதல்கியர் | ஞாயிறு இரவு

கீழே இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இருக்கிறது. வீட்டில், நடுராத்திரியில் எங்கே கிளம்பினாய் என்கிறார்கள்.